கார்மேலாவின் பதினான்கு பாட்டுகள்

1

வேலைக்கு வரவேண்டாம் என்ற கடிதம் என் கைக்குக் கிடைத்து வருகிற செவ்வாய்க்கிழமையோடு ஒரு வருடம். அந்த நாட்களில் ஊரிலிருந்து கதைத்த சிநேகிதி ஒருத்தி, "வயசுபோன ஆக்களைக் குளிக்கவாத்து உடுப்பு மாத்துற வேலைதானே உனக்கு, அதில என்ன கரைச்சல் வரப்போகுது?" என்று கேட்டாள். அன்றைக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மெல்பேர்னுக்கு மேற்கே, வெரிபீயில். இவர், என் கணவர், தெற்கு வெரிபீயில் ஒரு காய்கறித் தோட்டத்தில் பூக்கோவா வெட்டுகிறார். நான் றெயிலில் போய், பிறகு ஒரு பஸ் எடுத்து, வயோதிபர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அறுபது பேர் இருக்கிற இல்லம். அதில் மூன்றிலொரு பங்கு இத்தாலிக்காரர். இளவயதில் கப்பலில் வந்து இறங்கி, மேற்கு மெல்பேர்ன் மண்ணைக் கொத்திப் பண்படுத்திக் கோவாவும் பூக்கோவாவும் போட்டவர்கள்.

கார்மேலா அவர்களில் ஒருவர். எண்பத்துநான்கு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து கனகாலம். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து எழும்பியபோது, இந்த நாட்டில் ஐம்பது வருடமாகப் பேசிய ஆங்கிலம் அவரிடம் இல்லை. மிஞ்சியது அவருடைய ஊர் இத்தாலியன் மட்டும். அதிலும் பாதிச் சொற்கள் வராது. வராத இடத்தில் கோபம் வரும். குளிக்க வார்க்கப் போனால் அடிப்பார். என் முழங்கையில் அவருடைய நகம் பட்ட தழும்பு ஒன்று இருக்கிறது.

அவருடைய ஒரே மகள் தானியேலா. பள்ளிக்கூடம் ஒன்றில் உப அதிபர். சனிக்கிழமை தவறாமல் வருவார். ஒருநாள் வீட்டுக் கராஜிலிருந்து ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து தாயின் மடியில் வைத்தார். உள்ளே ஏழு சின்ன இசைத்தட்டுகள், பக்கத்துக்கு ஒன்றாகப் பதினான்கு பாட்டுகள். எல்லாம் ஒரே பாடகியுடையவை. லிவியானா என்று பெயர். அந்தக் காலத்தில் புதுத்தட்டு வெளிவந்தால் இத்தாலியிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்களாம். போட்டுக் கேட்கிற பெட்டி இல்லை. கார்மேலா தட்டுகளைக் கட்டிலில் பரப்பி வைத்து, ஒன்றைத் தூக்கி மேலே வைப்பார், இன்னொன்றைக் கீழே தள்ளுவார். இதையே நாள் முழுக்கச் செய்தார்.

ஒரு காலை, அவர் குளிக்கமாட்டேன் என்று கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தபோது, ஒரு தட்டின் உறையிலிருந்த எழுத்துகளை அப்படியே பார்த்து என் கைபேசியில் தேடினேன். பாட்டு வந்தது. கார்மேலா கதிரையை விட்டார். சட்டையைக் கழற்ற வசதியாக ஒரு கையைத் தானாகவே உயர்த்தினார்.

வேலைநேரத்தில் கைபேசி எடுக்கக்கூடாது என்பது எங்கள் இல்லத்தின் கண்டிப்பான விதி. கைபேசிகளை உடைமாற்றும் அறையில் பூட்டிவிட்டுத்தான் மாடிக்குப் போகவேண்டும். அடுத்த நாளும் நான் அதைக் காற்சட்டைப் பைக்குள் கொண்டுபோனேன். அதற்கடுத்த நாளும்.

2

குளிப்பு நாட்களில் நாங்கள் தரம் பிரித்தோம். கடைசியிலிருந்து மேலே வருவதுதான் கார்மேலாவின் முறை. ஒரு பாட்டைப் போடுவேன். பிடிக்காவிட்டால் மூக்கைச் சுருக்கி, "புருத்தா" என்பார், அசிங்கமாம். கொஞ்சம் பிடித்தால் "பெல்லா", அழகாம். நன்றாகப் பிடித்தால் ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடுவார். நான் சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் இலக்கம் போட்டு எழுதி, அவருடைய அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினேன். பாட்டின் பெயரெல்லாம் என் வாய்க்குள் நுழையாது. றெயில் பாட்டு, விசில் பாட்டு, கோயில் மணி கேட்கிற பாட்டு என்று நானே தமிழில் பெயர் வைத்தேன்.

பதினாலாவது இடம், வயது போனபிறகு அந்தப் பாடகி இளம் பெட்டைகளைப் போலப் பாடப்பார்த்த ஒரு துள்ளல் பாட்டுக்கு. அதைக் கேட்டதும் கார்மேலா தன் தலையைத் தொட்டு, பைத்தியம் என்று வட்டம் போட்டுக் காட்டினார். பன்னிரண்டாவது இடத்துக்கு இரண்டு பாட்டுகள் மூன்று கிழமை சண்டை பிடித்தன. றெயில் பாட்டை ஏழாவதாக எழுதியபோது என் கையைப் பிடித்து நிறுத்தி, "நோ, நோ," என்று நாலுக்கு ஏற்றினார். அந்த நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்த்தால் சொல் தொலைந்த ஒருவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எனக்கு இது பழகிய விளையாட்டு. ஊரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றறி கிடையாது. அண்ணன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். நான் கொப்பியில் அந்தக் கிழமையின் பாட்டுகளைத் தரம் பிரித்து எழுதுவேன். அண்ணனுக்குப் பிடிக்காத பாட்டை முதலாவதாகப் போட்டால் சுற்றுவதை நிறுத்திவிடுவான். பாட்டு மூச்சு வாங்கி அமிழ்ந்துபோகும். தபால் ஓடாத காலம், அந்தப் பட்டியலை ஒரு வானொலிக்கும் அனுப்ப முடியாது. என்றாலும் கிழமை தவறாமல் எழுதினோம்.

வீட்டில் என் மகள் அபிராவுக்குப் பதினான்கு வயது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டுவிட்டாள். இரண்டு வருடம் அழுது பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், சனிக்கிழமை காலையில் போர்வையை இழுத்துப் பார்த்தேன். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆனால் அவளுடைய பள்ளிக்கூடத்தில் இத்தாலியன் கட்டாய பாடம், அதில் அவள் நல்ல கெட்டிக்காரி. அதனால் நான் பின்னேரங்களில் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு, லிவியானாவின் பாட்டைப் போட்டு, "இது என்ன சொல்லுது பிள்ளை?" என்று கேட்பேன்.

"போன் எடுக்காத ஒரு ஆளைப் பற்றி," என்பாள் ஆங்கிலத்தில்.

"இது?"

"இதுவும் அவனைப் பற்றித்தான். அம்மா, ஆல் ஒஃப் தெம் ஆர் அபவுட் ஹிம்."

அவளும் நானும் அந்த வருடம் சேர்ந்து சிரித்தது அநேகமாக அந்தப் பாட்டுகளுக்குத்தான்.

3

அன்றைக்கு வியாழக்கிழமை. எங்கள் பிரிவில் ஒருவர் சுகமில்லை என்று வரவில்லை. கார்மேலாவை எழுப்பி இருத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று அவருடைய கோப்பில் எழுதியிருக்கிறது. நான் தனியே போனேன். ஆள் குறைகிற நாளில் எல்லோரும் அப்படித்தான் போவது.

குளித்து முடித்து, கட்டிலின் ஓரத்தில் இருத்தி, காலுறை போட்டுக்கொண்டிருந்தேன். என் இடதுகை அவருடைய தோளில். கைபேசி மேசையில். பதினோராவது இடத்தில் எழுதிய பாட்டைத் திரும்பப் போட்டிருந்தேன், லிவியானாவின் கடைசிக் காலத்துப் பாட்டு, அதிகம் பேர் கேட்டிராதது. அது முடிந்ததும் ஒரு விளம்பரம் பெரிய சத்தத்தோடு பாய்ந்தது. கார்மேலா திடுக்கிட்டுக் காதைப் பொத்தினார். கதவு திறந்து கிடந்தது. சத்தம் நடைபாதைக்குப் போகிறதே என்றுதான் எனக்கு முதலில் பட்டது. தோளிலிருந்த கையை எடுத்து, திரும்பி, கைபேசியை அமத்தினேன்.

மூன்று செக்கனோ நாலு செக்கனோ. நான் திரும்பியபோது அவர் கட்டிலில் இல்லை.

வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. புருவத்தில் வெட்டு. அம்புலன்ஸ் வரும்வரை நிலத்தில் அவருடைய தலையை என் மடியில் வைத்திருந்தேன். அவர் அழவில்லை. மெல்லிய குரலில் எதையோ முணுமுணுத்தார். எனக்கு என் காதுக்குள் இரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

பிறகு விபத்து அறிக்கை எழுதவேண்டும். கணினிக்கு முன்னால் இருந்து, "உடுப்பு மாற்றும்போது வழுக்கி விழுந்தார்," என்று எழுதினேன். தனியே செய்ததை எழுதினேன். கைபேசியைப் பற்றி எழுதவில்லை. ஒரு நிமிடம் விரல் விசைப்பலகையில் நின்றது, பிறகு அனுப்பினேன்.

4

நாலாம் நாள் கடிதம் வந்தது. இல்லத்தின் மனேஜர் ஜூடித் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கடிதத்தைக் கையில் தந்து, தானே வாசித்தும் காட்டினார். தானியேலா முறைப்பாடு செய்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் தாயிடம் என்ன நடந்தது என்று கேட்டபோது, தாய் தெளிவாகப் பதில் சொன்னாராம். நீ என்னை விழவிட்டாய் என்று. அன்றைக்கு அந்த அறையில் இருந்த ஒரே ஆள் நான். கையில் கன்றிப்போன பழைய கண்டல்களும் இருந்தனவாம். விசாரணை முடியும்வரை வேலை இல்லை. வயோதிபர் இல்லங்களை ஒழுங்குபடுத்தும் அரச அலுவலகத்துக்கும் அறிவித்தாகிவிட்டது.

"வேண்டுமென்று விழுத்தினதாகச் சொல்கிறார்களா?" என்று கேட்டேன்.

"நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவேண்டியது என்னுடைய கடமை," என்றார் ஜூடித். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

பஸ்ஸில் வரும்போது விசா விண்ணப்பத்தின் வரிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஏன் என்று ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கவேண்டும். அபிராவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு நாங்கள் படகில் வந்தவர்கள். அதன்பிறகு எல்லாம் தற்காலிக விசா. நிரந்தர விசாவுக்கு விண்ணப்பம் போட்டு அப்போது ஏழு மாதம். அதில் நன்னடத்தை என்று ஒரு பகுதி இருக்கிறது. பலவீனமான ஒருவருக்குத் தீங்கு செய்தவர் என்று ஒரு வரி எங்கேயாவது பதிவானால் அது என் ஒருத்தியோடு நிற்காது, ஒரே விண்ணப்பத்தில் மூன்று பேரின் பெயரும் இருந்தது.

இவர் கைகழுவாமல், தோட்டத்து மண்ணோடு குசினிக் கதிரையில் இருந்து கடிதத்தை மூன்று தரம் பார்த்தார்.

"இஞ்சேரும், போன் விஷயம் ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப சொல்லாதையும். வழுக்கினது எண்டு எழுதினனீர்தானே, அதிலயே நில்லும்."

"மனுசி விழுந்தது என்னாலதானப்பா."

"மனுசிக்குக் கைதான் உடைஞ்சது, மாறிடும். எங்களை ஏத்தி அனுப்பினா?"

அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். இலவச சட்ட உதவி நிலையத்தில் சந்தித்த இளம் சட்டத்தரணியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கேட்காததை எடுத்துக் கொடுக்காதீர்கள் என்றாள். முறைப்பாட்டின் முழு விபரத்தையும் எழுத்தில் தரும்படி இல்லத்துக்கு அவளே ஒரு கடிதம் அனுப்பினாள்.

காத்திருந்த நாட்களில் நான் வீட்டைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன். மின்னஞ்சல் வரும் சத்தம் கேட்டால் துணியைப் போட்டுவிட்டு ஓடுவேன். காரணமில்லாமல் அபிராவோடு எரிந்து விழுந்தேன். அவள் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டாள்.

5

இரண்டாவது கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. அதில் தானியேலாவின் வாக்குமூலம் முழுதாக இருந்தது. தாய் சொன்ன வசனத்தை இத்தாலியனிலேயே எழுதி, கீழே மொழிபெயர்த்திருந்தார். எனக்கு அந்த எழுத்துகளைக் கூட்ட முடியவில்லை. அபிராவின் கதவைத் தட்டினேன்.

"இதை ஒருக்கா வாசி பிள்ளை."

விருப்பமில்லாமல் வாங்கினாள். "மி ஆய் லஷாத்தா கதேரே," என்று வாசித்தாள். நீ என்னை விழவிட்டாய். மொழிபெயர்ப்புச் சரி என்று தாளைத் திருப்பித் தந்தாள். தந்த கை பாதியில் நின்றது. அதே சொற்களைத் திரும்ப வாய்க்குள் சொன்னாள். இந்தத் தரம் அது இழுபட்டு, கடைசிச் சொல்லில் ஏறி இறங்கியது.

"அம்மா, இட்ஸ் எ லிரிக்."

என் கைபேசியை வாங்கித் தேடிப் போட்டாள். லிவியானாவின் அந்தக் கடைசிக் காலத்துப் பாட்டு. பல்லவி வந்தது. ஒரு சொல்லும் மாறாமல் அதே வசனம், மூன்று தரம். நிலத்தில் என் மடியில் கிடந்து கார்மேலா முணுமுணுத்தது அதுதான். மகள் கேட்டபோது சொல்ல வேறு சொல் கிடைக்காமல், வாயில் நின்ற சொல்லைச் சொல்லியிருக்கிறார்.

அபிரா கட்டிலில் துள்ளி எழும்பினாள். இதைக் காட்டினால் போதும், யூ ஆர் சேவ்ட் என்றாள்.

நான் பாட்டை நிறுத்தினேன்.

"வட்?"

"அந்தப் பாட்டு அவவின்ர வாயில எப்பிடி வந்ததெண்டு கேப்பினம்."

"நீங்கள் போட்டீங்கள் எண்டு சொல்லுங்கோ." பல மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு முழுவசனம் ஒன்றைத் தமிழில் பேசியதை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

"வேலைநேரத்தில போன் வைச்சிருந்ததை நான் எழுதேல்லை. இப்ப சொன்னா, அண்டைக்குப் பொய் எழுதினனான் எண்டாகும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "சோ யூ லைட்," என்றாள்.

"உனக்கு விளங்காது. உனக்காகத்தான்."

"எனக்காக எண்டு சொல்லாதேங்கோ," என்றாள். கதவைச் சாத்தவில்லை. திறந்தபடி விட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

6

என்னை அழைத்த விசாரணைக் கூட்டத்துக்கு முன்பு இல்லம் கார்மேலாவிடமும் விசாரித்ததாம். தொலைபேசியில் ஒரு இத்தாலிய மொழிபெயர்ப்பாளர். அவருக்குக் கார்மேலாவின் ஊர்ப்பேச்சு பாதிதான் விளங்கியதாம். விளங்கிய பாதியில், "களைப்பாக இருக்கிறது என்கிறார்," என்று அறிக்கையில் பதிவாகியிருந்தது.

அதை வாசித்தபோது எனக்கு என்னுடைய முதல் அகதி நேர்காணல் ஞாபகம் வந்தது. ஊரில் ஆமிக்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போன அன்றைக்கு நாங்கள் வெளிக்கிட்டம் என்று சொன்னேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரேயடியாகப் புறப்பட்டோம் என்பது எங்கள் பேச்சில் அதன் பொருள். மொழிபெயர்த்த தங்கச்சி தமிழ்நாட்டுக்காரி, அன்பான பிள்ளை. அவளுக்கு அந்தச் சொல் புதிது. வெளியே போனோம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார். "எத்தனை மணிக்குத் திரும்பி வந்தீர்கள்?"

"திரும்பி வரேல்லை."

"வெளியே போனதாகச் சொன்னீர்களே?"

"ஓம், வெளிக்கிட்டனாங்கள்."

"அப்படியென்றால் எப்போது திரும்பினீர்கள்?"

இப்படியே பத்து நிமிடம் போனது. முடிவில், விண்ணப்பதாரியின் கூற்றில் முரண்பாடு உண்டு என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லை நேராக்க எங்களுக்கு ஆறு வருடம் எடுத்தது.

ஆகையால் பிழையாக விளங்கப்பட்ட ஒரு வசனத்தின் கீழே நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். இந்தத் தரம் வசனத்தைத் திருத்துகிற சான்று என் பைக்குள் இருந்தது. அதை எடுத்தால் நானே என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். காலையில் புறப்படும்போதுகூட நான் முடிவெடுத்திருக்கவில்லை. இவர் காரில் கொண்டுபோய் இறக்கினார். பின் இருக்கையில் அபிரா, பள்ளிக்கூட உடுப்போடு. "போட்டு வாறன்," என்றேன்.

சின்ன அறை. நீள மேசை. ஜூடித், குறிப்பெழுத ஒரு பெண், எதிரே தானியேலா. அவருடைய கண்கள் நித்திரை இல்லாமல் சிவந்திருந்தன. ஜூடித் கடிதத்திலிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய கண்டல்கள், அவர் குளிக்க மறுத்து அடித்த நாட்களில் வந்தவை. அந்த நாட்களை நான் அப்போதே பதிந்திருந்தேன், ஜூடித் அவற்றை எடுத்துக் காட்டினார். ஆள் குறைவாக இருந்ததும் பதிவில் இருந்தது. பிறகு அந்த வசனத்துக்கு வந்தார்.

"அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறீர்கள்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கேட்டதற்குப் பதில் அது போதும். சட்டத்தரணியின் குரல் காதில் இருந்தது. எதிரே தானியேலா தன் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பெண் இனிச் சாகும்வரை தன் தாயை ஒருத்தி அடித்து விழுத்தினாள் என்று நினைத்துக்கொண்டு இருக்கப்போகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அது ஒரு பாட்டு," என்றேன்.

"என்ன சொல்கிறீர்கள்?"

கைபேசியை எடுத்து மேசையில் வைத்துப் போட்டேன். தொடக்க இசை நீளமானது. குறிப்பெழுதிய பெண் நிமிர்ந்து பார்த்தாள். பல்லவி வந்தது. தானியேலாவின் விரல்கள் நின்றன. இரண்டாம் தரம் வந்தபோது அவர் வாயைப் பொத்தினார்.

"இந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை," என்றார் மெதுவாக. "அந்தப் பெட்டியிலா இருந்தது?"

"ஓம். யெஸ். பதினோராவதாகப் போட்டிருந்தோம்."

ஜூடித் பேனையை வைத்தார். "அன்றைக்கு அவருடைய மனதில் இந்தப் பாட்டுத்தான் இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் போட்டேன். என் போனில். வேலைநேரத்தில். பாட்டு முடிய விளம்பரம் வந்தது. அதை நிறுத்த அவருடைய தோளிலிருந்து கையை எடுத்துத் திரும்பினேன். அந்த நேரத்தில் விழுந்தார். இதை நான் அறிக்கையில் எழுதவில்லை. பயத்தில் விட்டுவிட்டேன்."

என் ஆங்கிலம் அவ்வளவு நேராக ஒருநாளும் வந்ததில்லை. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தானியேலாதான் கையை நீட்டி நிறுத்தினார்.

"அப்படியென்றால் நீங்கள் அவரை விழத்தான் விட்டீர்கள்," என்றார்.

"யெஸ்," என்றேன்.

அவர் எழும்பி வெளியே போனார்.

கார் தரிப்பிடத்தில் இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். அபிரா, "சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன் என்றேன். முன் இருக்கைகளுக்கு நடுவால் கையை விட்டு என் தோளைப் பிடித்தாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

7

தீர்ப்பு வர மூன்று கிழமை எடுத்தது. துன்புறுத்தல் இல்லை, கவனக்குறைவு என்று முடிவு. அறிக்கையில் மறைத்ததற்காகக் கடைசி எச்சரிக்கை. திரும்ப வேலைக்கு வரலாம், ஆனால் வேறு பிரிவு. கார்மேலாவின் பராமரிப்பில் நான் சேரக்கூடாது. இருவர் செய்யவேண்டிய வேலைக்கு இருவர் போயே தீரவேண்டும் என்று ஜூடித் எல்லாப் பிரிவுக்கும் எழுதினார். இரண்டு மாதம் அது நடந்தது.

விசா பிறகு ஒரு திங்கட்கிழமை, நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மின்னஞ்சலில் வந்தது. மூன்று பேருக்கும் நிரந்தரம். அந்த விபத்தைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. அவர்கள் அதைப் பார்த்தார்களோ இல்லையோ எனக்குத் தெரியாது. இவருக்கு அழைத்துச் சொன்னேன். தோட்டத்துக் காற்றுக்குள் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. பிறகு, "சரி," என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சரி," என்றார்.

தானியேலா என்னை நடைபாதையில் கண்டால் தலையை மட்டும் அசைப்பார். நானாகப் பேசப்போகவில்லை. நாலு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை, நான் வேலை முடிந்து உடுப்பு மாற்றி வரும்போது, வாசலில் நின்றார்.

"விசில் பாட்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அது எது?" என்று கேட்டார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. அலுமாரிக் கதவின் பட்டியல் இன்னும் அங்கேயே இருக்கிறதாம். நான் தமிழில் வைத்த பெயர்களைத் தன் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தியைக் கொண்டு வாசிப்பித்தாராம். சனிக்கிழமைகளில் தாயோடு அந்தப் பட்டியலை முடிக்கப் பார்த்தாராம், முடியவில்லையாம். மேலே மூன்று இடம் வெறுமையாகக் கிடக்கிறது, மிச்ச மூன்று பாட்டின் பெயரும் தாளின் அடியில். எதைப் போட்டாலும் தாய் "நோ" என்கிறார்.

"உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்," என்றார். "அது எனக்கே இன்னும் தெரியாது. ஆனால் ஜூடித்திடம் கேட்டுவிட்டேன். விருந்தாளியாக நீங்கள் வரலாம்."

வாசலில் இருக்கிற திரையில் விருந்தாளிகள் தங்கள் விபரம் பதியவேண்டும். பத்து வருடமாக அதைக் கடந்து போயிருக்கிறேன், ஒருநாளும் தொட்டதில்லை. பெயர் கேட்டது, எழுதினேன். உறவுமுறை கேட்டது. மகள், மகன், துணைவர், மற்றவை என்று இருந்தது. மற்றவையைத் தொட்டேன். விபரம் எழுதவும் என்றது. எத்தனையோ படிவம் நிரப்பிய எனக்கு அந்த ஒரு கட்டத்தில் எழுதச் சொல் கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற தானியேலா எட்டி, 'சிநேகிதி' என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

கார்மேலா ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக ஆறியிருந்தது. நான் அதைப் பார்த்தேன், தானியேலாவும் நான் பார்ப்பதைப் பார்த்தார். சீருடை இல்லாத என்னைக் கார்மேலாவுக்கு அடையாளம் தெரியவில்லை. "நுவோவா?" என்றார். புது ஆளா என்று கேட்கிறார் என்றார் தானியேலா.

"ஸீ, சின்யோரா," என்றேன், ஓம் அம்மா என்று.

விசில் பாட்டைப் போட்டேன். கண் மூடவில்லை. மணிப் பாட்டைப் போட்டேன். தலையை ஆட்டினார். மூன்றாவதையும் போட்டேன். தானியேலா தாயின் தோளில் கைவைத்தபடி, பட்டியலையும் பேனையையும் மடியில் வைத்துக் காத்திருந்தார். பாட்டின் நடுவில் கார்மேலா உடைந்து ஆறிய கையைத் தூக்கி, "ஸ்பென்யி," என்றார். எனக்கு அந்தச் சொல் தெரியாது. ஒரு பாட்டிலும் வராத சொல்.

"நிறுத்தச் சொல்கிறார்," என்றார் தானியேலா.

நிறுத்தினேன். கார்மேலா என்னையே பார்த்து, "பார்லா," என்றார்.

"பேசச் சொல்கிறார். உங்களை."

"எனக்கு இத்தாலியன் வராதே."

தானியேலா மொழிபெயர்த்தார். கார்மேலா தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பவும் "பார்லா" என்றார், கொஞ்சம் அதட்டலாக.

நான் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். காலையில் றெயில் பிந்தியதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அபிரா புதுச் சப்பாத்து வேண்டும் என்று நிற்பதைச் சொன்னேன். இவருக்கு முதுகு நோவு, மழைக்குள் வெட்டப் போகிறார், சொன்னால் கேட்கிறார் இல்லை என்று சொன்னேன். கார்மேலா என் வாயைப் பார்த்தபடி, இடைக்கிடை "ஸீ, ஸீ" என்றார். தானியேலா என்ன சொல்கிறேன் என்று கேட்கவில்லை. பேனையை மூடிவைத்தார்.